காக்கா கழற்றிய கம்பி

மகளின் பிரசவத்துக்காகப் பெரிய சகலை வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், ஏழு மரங்களையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஏழு மரத்தை ஒரு வேன் தாங்குமா என்று யாரும் கவலைப்பட வேண்டாம். எல்லாம் முழங்கால் உயரம்கூட வராத போன்சாய் மரங்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுத் தொட்டிகளில், இருபது முப்பது வருடமாக வளர்ந்தும் வளராமலும் நிற்பவை. அவற்றை அவர் இறக்கிய பக்குவத்தைப் பார்த்தவர்கள், பிரசவம் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இல்லை, அந்த வேனுக்குள்தான் என்று நினைத்திருப்பார்கள்.

அக்காவைக் கட்டியவர் பெரிய சகலை. தங்கையைக் கட்டியவர் சின்ன சகலை. பெரியவர் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா, காணாமல் போன லாரி உண்மையிலேயே காணாமல்தான் போனதா என்று நேரில் போய்ச் சோதிப்பதுதான் அவருக்கு வேலை. ஊர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கியவர். மணி என்ன என்று கேட்டு, நாம் பதில் சொன்னாலும், தன் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். "இடத்தைப் போய்ப் பார்க்காம ஒரு கிளெய்மைக்கூட நான் தள்ளினதில்ல" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பெருமை.

சின்ன சகலைக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. புகைந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றுக்குச் சுற்று எண்ணிக் கட்டி, வார்னிஷ் பூசி, பல்பு வெளிச்சத்தில் காயவைத்துக் கொடுப்பார். அவர் கட்டிய காயிலைப் பார்த்தால் மிஷினில் சுற்றியதோ என்று தோன்றும். கடைத் தெருவில் அவருக்குக் காயில்காரர் என்று பெயர். குடும்பத்தில் வேறு ஒரு பெயர் இருந்தது. அதை வைத்ததும் பெரிய சகலைதான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மாமனார் ஆஸ்பத்திரியில் கடைசி நிலையில் கிடந்தார். காலை பத்து மணியிலிருந்து சின்ன சகலைக்கு போன் மேல் போன் போட்டார்கள். அவர் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். மாமனார் மதியமே போய்விட்டிருந்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்டதற்கு, ஒரு ஆலையின் தண்ணீர்த் தொட்டி மேல் பம்பு மோட்டாரைக் கழற்ற ஏறியதாகவும், கீழே யாரோ ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டதாகவும், பையும் போனும் கீழேயே இருந்ததாகவும், ஆறு மணி நேரம் மேலே நின்று தொண்டை கிழியக் கத்தியதாகவும் சொன்னார். வீடு கொள்ளாத கூட்டத்துக்கு நடுவில் பெரிய சகலை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கம்பி கட்டுற கதையெல்லாம் வேற எங்கயாவது போய்ச் சொல்லு" என்றார்.

கேட்பவன் காதில் பூச்சுற்றும் பேச்சுக்கு எல்லோரும் சொல்லும் வார்த்தைதான் அது. ஆனால் எதிரில் நின்றவர் கம்பி கட்டிப் பிழைப்பவர். சாவு வீடு என்றும் பாராமல் நாலு பேர் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் 'கதை' ஆனார். கதை வந்தாச்சா, கதைக்குச் சாப்பாடு போட்டாச்சா என்று குழந்தைகள்வரைக்கும் பழகிவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவருக்கு வலித்தது. அவர் மனைவி அந்த ஏணியைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அப்படிப்பட்டவரிடம் மரங்களை ஒப்படைக்கப் பெரிய சகலைக்கு மனசே இல்லை. வேறு வழியும் இல்லை. வெயிலும் காற்றும் படும் மொட்டை மாடி சொந்தக்காரர்களில் இவரிடம்தான் இருந்தது. இரண்டு தாள் நிறைய எழுதிக் கொண்டுவந்திருந்தார். எந்த மரத்துக்கு எப்போது தண்ணீர், எதற்கு நிழல், எதைத் திருப்பி வைக்க வேண்டும் என்று இருபத்து மூன்று குறிப்பு. கடைசி இரண்டின் கீழே சிவப்பில் கோடு போட்டிருந்தார். ஒன்று, பறவைகளிடமிருந்தும் மிருகங்களிடமிருந்தும் காப்பாற்றுவது உன் பொறுப்பு. இன்னொன்று, கிளைகளில் சுற்றியிருக்கும் கம்பியைத் தொடாதே.

இந்த மரங்களின் கிளை நாம் நினைத்த பக்கம் வளைய வேண்டுமென்றால், பழுப்புப் பூச்சுள்ள மெல்லிய அலுமினியக் கம்பியைச் சாய்வாக, இடைவெளி விட்டுச் சுற்றி, மெதுவாக வளைத்து, மாதக்கணக்கில் அப்படியே விட வேண்டும். ஏழில் நான்காம் எண் மரம் ஒரு சின்ன ஆல். அதன் முதல் கிளை மட்டும் இன்னும் இறங்கி வர வேண்டியிருந்தது. அடுத்த கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோகப் பெரிய சகலை இரண்டு வருடமாகத் தயார் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மரத்தின் கம்பி நுனியிலும் நகம் அளவு அலுமினியத் தகடு ஒன்று தொங்கியது. அதில் மரத்தின் எண்ணையும் கம்பி சுற்றிய தேதியையும் ஊசியால் கீறி எழுதியிருந்தார்.

"ஒரு இலைகூடக் குறையாம திருப்பித் தர்றேண்ணே" என்றார் சின்ன சகலை.

"பார்க்கலாம்" என்றார் பெரியவர்.

பெரியவர் திரும்பி வரும்வரை இந்த மூன்று மாதத்தை ஒழுங்காக ஓட்டிவிட்டால் அந்தப் பெயர் தன்னைவிட்டுப் போய்விடும் என்று சின்ன சகலை நம்பினார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதர் இதற்கெல்லாமா ஏங்குவார் என்று கேட்டால், ஏங்குவார்.

முதலில் வந்தது பூனை. இவ்வளவு பொடிமண்ணை இவ்வளவு நேர்த்தியாகத் தனக்காகவே தட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அது முடிவு செய்துவிட்டது. அவர் மண் மேல் கூழாங்கல்லைப் பரப்பி, நடுநடுவே பல்குத்தும் குச்சிகளை நட்டார். பூனை ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதோடு அந்தப் பக்கம் வரவில்லை. அடுத்தது அணில். எதையோ புதைக்கத் தோண்டும், புதைத்த இடம் மறந்துபோய்ப் பக்கத்துத் தொட்டியைத் தோண்டும். மண்ணை மூடிக் கம்பி வலை வெட்டிப் போட்டார். வலையின் கண் வழியாக மைனா பாசியை இழுத்தது. வேருக்கு ஈரம் காக்கப் பெரியவர் ஒட்டி வளர்த்த பச்சைப் பாசி, மைனாவின் கூட்டுக்கு மெத்தையாகிக்கொண்டிருந்தது. பழைய சி.டி.க்களைத் தொங்கவிட்டார். அது மினுங்கும் அழகைப் பார்க்கப் புறாக்கள் குடும்பத்தோடு வந்தன.

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கூண்டே செய்துவிட்டார். சட்டம் வெல்டிங் வைத்து, நான்கு பக்கமும் மேலேயும் சின்னக் கண் வலை இழுத்துக் கட்டி, தாழ்ப்பாள் போட்ட கதவு வைத்தார். எலி அரித்து உள்ளே வராமல் இருக்க அடியிலும் வலை. ஆறு மரங்கள் கனகச்சிதமாக உள்ளே போயின. நான்காம் எண் மட்டும் போகவில்லை. அதன் முதல் கிளை அகலம், கதவில் இடித்தது. அதற்குத் தனியாக ஒரு கூண்டு செய்ய வலை வாங்க வேண்டியிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வலைக் கடை மூடல். திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடி டம்ளரில் டீயோடு மாடிக்கு வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார். நான்காம் எண் மரத்தின் மேல் ஒரு காக்கா. தகடு தொங்கிய கம்பி நுனியை அலகில் பிடித்து, ஒரு இழு இழுத்து, இடம் மாறி உட்கார்ந்து, மறுபடி ஒரு இழு. கிளையைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தது. தொழில் தெரிந்த வேலை. கருகிய காயிலைத் தன் கடையில் தானே அப்படித்தான் பிரிப்பார். அந்த ஆச்சரியத்தில் அவருக்கு ஒரு நிமிடம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் சுதாரித்து டம்ளரை வீசுவதற்குள் கடைசிச் சுற்றும் கழன்றது. கம்பியும் தகடுமாகக் காக்கா கம்பி நீட்டிவிட்டது.

சத்தம் கேட்டு மனைவி மேலே வந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"காக்கா கம்பியைக் கழட்டிக்கிட்டுப் போயிடுச்சு."

மனைவி மரத்தைப் பார்த்தார். உடைந்து கிடந்த டம்ளரைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார்.

"அப்படியா" என்றார். துடைப்பம் எடுக்கக் கீழே போய்விட்டார்.

அந்த 'அப்படியா'வில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் அது போதும். கட்டிய மனைவிக்கே தொண்டையில் இறங்காத விஷயத்தை, இன்சூரன்ஸ்காரரிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரிய சகலை வீடியோவில் வருவார். பேரனைக் காட்டுவதற்கு முன்பே, "நாலாம் நம்பரைக் காட்டு" என்பார்.

சின்ன சகலை தன் கடையைத் திறந்து, அதே பருமனில் செம்புக் கம்பி எடுத்து வந்தார். நிறமும் கிட்டத்தட்ட அதேதான். பெரியவர் சுற்றியது போலவே சாய்வாக, இடைவெளி விட்டு நான்கு சுற்று சுற்றினார். தள்ளி நின்று பார்த்தார். சகிக்கவில்லை. அவர் தொழிலில் இடைவெளி விட்டுச் சுற்றுபவன் வேலை தெரியாதவன். கை கேட்கவில்லை. பிரித்துவிட்டு, சுற்றோடு சுற்று உரச, இறுக்கி, நூல் இடம் இல்லாமல் கட்டினார். குறுக்கே வந்த மூன்று இலைகளைக் கிள்ளினார். முப்பத்தெட்டுச் சுற்று. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் காக்கா மறுபடி வந்தால்? காயில் பிரியாமல் இருக்க என்ன செய்வார்களோ அதையே செய்தார். சுற்றுக்கு மேல் வார்னிஷ் ஒரு பூச்சு. காய்வதற்குப் பக்கத்தில் ஒரு நூறு வாட் பல்பு.

ஐந்து மணிக்குப் பெரியவர் வந்தார். படம் தெளிவில்லாமல் ஆடியது.

"கம்பி அசையாம இருக்கில்ல?"

"அசையவே அசையாதுண்ணே" என்றார் சின்ன சகலை. அது முழு உண்மை.

மறுநாள் வலை வாங்கி நான்காம் எண்ணுக்கும் கூண்டு செய்தார். அதற்குப் பிறகு ஒரு குருவிகூட உள்ளே போகவில்லை. ஆனால் பத்தாவது நாள் முதல் கிளையில் ஒரு இலை மஞ்சளானது. இரண்டு வாரத்தில் கிளை மொட்டையானது. கம்பியைப் பிரிக்கப் பார்த்தார். வார்னிஷ் கல்லாகியிருந்தது. குறடு வைத்து நெம்பினால் பட்டையும் சேர்ந்து வந்தது. விட்டுவிட்டார். வீடியோவில் காட்டும்போது அந்தப் பக்கம் நிழலாக இருக்கும்படி நின்றுகொண்டார். தினமும் காலையில் கூண்டுக்கு வெளியே நின்று அந்தக் கிளையைப் பார்ப்பார். நாமே கொன்றுவிட்டோம் என்று நன்றாகத் தெரிந்தது.

பெரிய சகலை திரும்பி வந்த மறுநாளே மனைவியோடு வந்துவிட்டார். காபிகூடக் குடிக்கவில்லை. நேரே மாடி. கூண்டைச் சுற்றி வந்தார், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார், ஆறு மரத்தையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்றால் அவரைப் பொறுத்தவரை அது பாராட்டு. பிறகு நான்காம் எண்ணை வெளியே எடுத்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தார். முதல் கிளையின் நுனியை நகத்தால் லேசாகக் கீறினார். பட்டைக்கு அடியில் பச்சை இல்லை, காய்ந்த பழுப்பு. குனிந்து கம்பியை மோந்து பார்த்தார்.

"யார் கட்டினது?"

சின்ன சகலை கூண்டுக் கதவைச் சாத்தினார்.

"சகலை, இந்தக் கை எனக்குத் தெரியும். என் வீட்டு மிக்ஸி மோட்டார்லயும் இதே கைதான் இருக்கு. தகடு எங்க?"

"காக்கா எடுத்துட்டுப் போயிடுச்சுண்ணே. கம்பியோட."

பெரியவர் எழுந்து கைகளைத் தட்டிக்கொண்டார். படி வாசலில் அக்கா தங்கை இருவரும் வந்து நின்றிருந்தார்கள்.

"சரி. காக்கா வந்துச்சு, கம்பியைக் கழட்டிச்சு. அப்புறம் அதுவே திரும்பி வந்து, காயில் கட்டி, வார்னிஷ் அடிச்சுட்டுப் போச்சா?"

அக்கா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கை சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டினது காக்கா. கட்டினது நான். கிளையைக் கொன்னதும் நான்தான். அதுக்கு என்ன வேணாலும் திட்டுங்க."

"அன்னைக்கே போன்ல சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

பெரியவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "கம்பி கட்டுற கதை" என்று யாரிடமோ சொல்வது போல முணுமுணுத்துவிட்டு, "நாளைக்கு வேன் அனுப்பறேன், ஏத்திவிட்டுடு" என்று படிப் பக்கம் திரும்பினார்.

"இடத்தைப் பார்க்காம போறீங்களே" என்றார் சின்ன சகலை.

பெரியவர் நின்றார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நின்றிருக்க மாட்டார்.

"எந்த இடம்?"

"அடுத்த தெரு அப்பார்ட்மென்ட்ல பம்பு ரிப்பேருக்குப் போன வாரம் போனேன். தண்ணித் தொட்டிக்கு மேல, இடிதாங்கிக் கம்பத்துக்கு அடியில ஒரு கூடு இருக்கு. காக்காக் கூடு. பாதி குச்சி, பாதி கம்பி. நம்ம கம்பி மாதிரிதான் இருந்துச்சு."

"எடுத்துட்டு வர வேண்டியதுதானே. கையில ஆதாரம் இருந்திருக்கும்."

"குஞ்சு இருக்குண்ணே."

"போட்டோ?"

"எடுத்தேன். காட்டினா, கூட்டையும் நீயே கட்டியிருப்பேன்னு சொல்வீங்க. என் கடையில கம்பிக்கா பஞ்சம்?"

உண்மையில் பெரியவர் அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தார். மூடிக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் அந்த அப்பார்ட்மென்ட்டின் மாடியில் நின்றார்கள். தொட்டி இரண்டு ஆள் உயரம். ஒரு இரும்பு ஏணியைக் கொண்டுவந்து சின்ன சகலை சாய்த்தார். தாய்க் காக்கா தலையில் கொத்தும் என்று தன் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைப் பெரியவர் தலையில் மாட்டிவிட்டார். முட்டி வலிக்காரர். அறுபத்து நான்கு வயது. ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை முனகிக்கொண்டு ஏறினார். சின்னவர் பின்னாலேயே ஏறி, முதுகில் கை கொடுத்துத் தள்ளிவிட்டார்.

மேலே காற்று பலமாக இருந்தது. காக்கா இரண்டு முறை ஹெல்மெட்டில் டொக் டொக்கென்று அடித்துவிட்டு, கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டியது. பெரியவர் தவழ்ந்து போய்க் கூட்டை எட்டிப் பார்த்தார். குச்சிகளுக்கு நடுவே துணி மாட்டும் கம்பி, மின்சார வயர், எவருடைய பல்லிலிருந்தோ கழன்ற கிளிப் போல ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து வளைத்துப் பிடித்திருந்தது பழுப்பு அலுமினியக் கம்பி. நடுவில் இரண்டு குஞ்சுகள் சிவப்பு வாயைப் பிளந்தன. தீனி கொண்டுவந்த ஆள் என்று அவரை நினைத்துக்கொண்டன போலிருக்கிறது.

அவர் கம்பியை விரல் படாமல் பார்வையால் தொடர்ந்தார். அது கூட்டை ஒன்றரைச் சுற்று சுற்றி, பின்பக்கம் வந்து நின்றது. நுனியில் நகம் அளவுத் தகடு. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். நான்கு என்ற எண்ணும், ஒரு தேதியும். தன் கையால் ஊசி வைத்துத் தானே கீறியது.

சின்ன சகலை தகட்டைப் பார்க்கவில்லை. அவர் இருந்த இடத்திலிருந்து தெரியாது. பெரியவர் ஏன் இப்படிக் கல்லாகிவிட்டார், முட்டி பிடித்துக்கொண்டதோ என்றுதான் பயந்தார்.

"அண்ணே?"

பெரியவர் மெதுவாகத் திரும்பி, தொட்டியின் மூடி மேல் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கீழே தெரு முழுக்கத் தெரிந்தது. நடப்பவர்கள் தெரிந்தார்கள். காற்று அடித்த அடிப்பில் அவர்கள் பேசுவது எதுவும் இங்கே கேட்கவில்லை. இங்கிருந்து கத்தினாலும் அங்கே கேட்காது என்று தெரிந்தது. அவர் பார்வை தொட்டியின் விளிம்புக்கு வந்தது. அங்கே ஏணியின் இரண்டு முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"நாலாம் நம்பர் தகடுதான். அப்போ..." என்றார். "அந்த ஏணி விஷயம்?"

பன்னிரண்டு வருடத்தில் அதை ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. சின்ன சகலைக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. காற்றின் மேல் பழியைப் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுவும் நிஜம்தாண்ணே."

"ஆறு மணி நேரமா?"

"ஆறு மணி நேரம். மாமா போயிருப்பாரோ, இருப்பாரோன்னு தெரியாது. அதுக்குத்தான் கூப்பிடறாங்களான்னுகூடத் தெரியாது. கீழ பைக்குள்ள போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அது மட்டும் கேட்டுச்சு."

பெரியவர் ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"அந்த ஆலை எங்க வீட்டுலருந்து ரெண்டு கிலோமீட்டர்தான்" என்றார். "நான் போய்ப் பார்க்கவே இல்லையே, சகலை."

சின்ன சகலை பரவாயில்லை என்று சொல்லலாம்தான். அது பொய்யாக இருக்கும். காக்கா கம்பத்தில் இருந்து இறங்கி, கூட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தது. போங்கள் என்று சொல்கிறது போல இருந்தது.

"தகட்டை எடுத்துக்கலாமாண்ணே?"

"அது அங்கயே இருக்கட்டும்."

பெரியவர் முதலில் இறங்கினார். கடைசிப் படியில் கால் தடுமாறி, சமாளித்து, தரையில் நின்றார். கால்சட்டையில் ஒட்டியிருந்த தூசியைக்கூடத் தட்டவில்லை. திரும்பி ஏணியின் இரண்டு காலையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"வா. நான் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."